தங்கச்சி வாய் திறந்த ஆட்டம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

இப்போது வீட்டில் எந்நேரமும் தங்கச்சியின் கூடைப்பந்துப் பேச்சுதான். எனக்கு பஸ்ஸில் காலை ஷிப்ட் போட்டுவிட்டதால் சாயங்காலம் அவளைக் கூட்டிவர நான்தான் மைதானத்துக்குப் போகிறேன். எதிரணியிடம் பந்து இருக்கும்போது நம் பிள்ளைகள் "பந்து வச்சிருக்கிறவ எனக்கு", "வலது பக்கம் ஆள்", "நான் இருக்கேன்" என்று ஓயாமல் கத்துகிறார்கள். கண்தான் இருக்கிறதே, வாய் எதற்கு என்று பயிற்சியாளரிடமே கேட்டுவிட்டேன். பந்து வைத்திருப்பவளை மறிக்கிற பெண்ணுக்கு முதுகில் கண் இல்லை சார், எதிரணிக்காரி ஒருத்தி பின்னால் வந்து சுவர் மாதிரி நின்றுகொள்வாள், நம் பிள்ளைகள் முன்கூட்டியே சொன்னால்தான் இவள் விலகிப் போக முடியும் என்றார். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் குரல் கொடுக்கிற மாதிரி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

வீட்டில் காது கிழியப் பேசுகிற நம் மகாராணி மட்டும் அங்கே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். இவள் சொல்லாததால் அணித் தலைவி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், பின்னால் நின்றவள்மேல் முழு வேகத்தில் மோதித் தோள் வீங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் இப்படியே நின்றால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இவள் சாப்பிடாமல் அழுதாள். ஏன்டி சொல்லவில்லை என்று அம்மா கேட்டதற்கு, நெட்டை அக்கா என்னைவிடப் பெரியவங்க, அவங்களைப் போய் நகரு, திரும்புன்னு எப்படி அதட்டுவது என்றாளே பார்க்கலாம். பணிவாக ஆரம்பித்துச் சொல்லி முடிப்பதற்குள் பந்து கூடைக்குள் போய்விடுகிறதாம். இப்படிப் பிள்ளை வளர்த்ததற்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுநாள் நெட்டையே தோளில் தைலம் மணக்க வீட்டுக்கு வந்து, "நீ குடுக்கிற மரியாதையை என் தோள் தாங்காது, மைதானத்துக்குள்ள இருக்கும்போது வாடி போடின்னே கூப்பிடு, வெளிய வந்து அக்கான்னு சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாதி முழுக்க இவள் முணுமுணுத்ததோடு சரி. இரண்டாம் பாதியில், நெட்டைக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒருத்தி வந்து நின்றதும், "ஏய், இடது பக்கம் ஆள், நான் இருக்கேன், போ" என்று ஒரு சத்தம் போட்டாள் பார், நடுவரே திரும்பிப் பார்த்தார். நெட்டை திரும்பிப் பார்க்கவேயில்லை, அப்படியே வளைந்து போய்ப் பந்தைத் தட்டிப் பறித்தாள். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம், ஆனால் தங்கச்சியின் இடம் நிலைத்தது.

அன்றிலிருந்து எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. வேலை போனதை, வேறு வேலை கிடைத்த பிறகுதான் சொன்னாய். காய்ச்சலையும் தணிந்த பிறகுதான் சொன்னாய். பெற்றவர்களைக் கலங்க வைக்கக் கூடாது என்று நினைக்கிறாய், தெரிகிறது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் நாங்கள் எதற்குத்தான் இருக்கிறோம்? கஷ்டம் வரும்போதே ஒரு குரல் கொடுப்பா, நேரம் காலம் பார்க்காதே, மரியாதையும் பார்க்காதே.

தங்கச்சிக்கு ஒரு போன் போட மறந்துவிடாதே, காத்திருக்கிறாள். எல்லா நலமும் உனக்குக் கூடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா