மருந்து அடிக்காத நான்கு வரிசை

செப்டம்பர் 6

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலமென்றே கொள்கிறேன். மாறாக எழுத்தில் எதுவும் வரவில்லை. கடலைச் செடிகள் நலமில்லை. என் குறைகள் பின்வருமாறு:

1. ஜூன் 12: நோயைத் தாங்குமா என்று பார்க்க, உன் ஆய்வுக்கூடத்துப் புது விதையை வயலின் நடுவே நான்கு வரிசை விதைத்தேன். அவற்றுக்கு மருந்து அடிக்கவோ, நீ சொல்லாமல் பிடுங்கவோ கூடாதென்று வாக்கு வாங்கினாய்.

2. ஜூலை 24: அவற்றில் இலைப்புள்ளி நோய் கண்டது. படம் அனுப்பினேன். பெருவிரலை உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

3. ஆகஸ்ட் 19: மற்ற வரிசைகளுக்கும் பரவியது. நடுவில் அந்த நான்கும் நிற்கும்வரை மற்றவற்றுக்கு மருந்து அடித்தும் பயனில்லை, மறுபடி தொற்றும். அழைத்தேன். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

காலையில் பனி விலகும்போது வயலைப் பார்த்தால் கோபம்கூட மறந்துபோகிறது, ஒவ்வொரு இலையிலும் மஞ்சள் வளையமிட்ட கரும்புள்ளிகள், யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்தவை போல, பிறகு இலைகள் ஓசையே இல்லாமல் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "வாத்தியாரே, உங்க வீட்டு விருந்தாளி எங்க பக்கமும் எட்டிப் பாக்குறாரு" என்கிறார். அம்மாவோ, "அந்த நாலு வரிசையப் பிடுங்கிப் போட்டுட்டு மத்ததுக்கு மருந்து அடிங்க, பொண்ணுக்குக் குடுத்த வாக்கையா வறுத்துத் திங்கப்போறோம்?" என்கிறாள். இன்னும் தாமதித்தால் காம்பு அழுகிக் காய்கள் மண்ணிலேயே தங்கிவிடும். நேற்றுப் பகலில் நாற்காலியில் கண்ணயர்ந்தேன், வயல் கூடத்துக்குள் வந்திருந்தது, சுவரிலும் உன் மேசையிலும் அதே புள்ளிகள், சிறுமியாய் நீ அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாய், எண்ணி முடிக்கும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழித்ததும் வாக்கை முறிப்பதென்றே வயலுக்குப் போனேன். மூன்றாம் வரிசையின் கடைசியில், மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே, ஒரே ஒரு செடி புள்ளியின்றிப் பச்சையாக நின்றது. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கமும் சுத்தம். எதையும் பிடுங்காமல் திரும்பிவிட்டேன். படம் எடுக்கவில்லை, பெருவிரல் பொம்மைக்கு அது தகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீ எடுத்த வேலை கைகூடட்டும், அதை மனதாரவே சொல்கிறேன்.

என்னை வாக்கிலிருந்து விடுவிக்கிறாயா, அந்தச் செடியை என்ன செய்வது, இரண்டுக்கும் உன் கையெழுத்தில் பதில் செப்டம்பர் 18க்குள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் 19 காலை நான்கு வரிசையையும் பிடுங்குவேன், அந்த ஒன்றையும் சேர்த்து.

இப்படிக்கு,
வயலிலிருந்து, அப்பா