படிவத்தின் பதினொன்றாவது கேள்வி

2025 பெப்ரவரி 3

ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினாறு பேருக்கான ஐந்து நாள் பயணத் திட்டம் முடிந்தது. முதன்முறையாக முழுவதையும் என்னிடமே விட்டிருக்கிறார் ஜீவராஜ் அண்ணன். ஹற்றனில் என்னை நம்பவும் ஒரு சுற்றுலாக் கம்பனி முதலாளி! மூன்றாம் நாள் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பதையும் பார்ப்பார்கள்.

பெப்ரவரி 7

அவர்களுடைய ஹன்னா டீச்சர் பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார். பாம்பு, அட்டை, அம்புலன்ஸ் – எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் எழுதினேன். பதினொன்றாவது கேள்வி: கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து மலசலகூடம் எவ்வளவு தூரம்?

தெரியவில்லை. அந்த மலையடியில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி 8

அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார்.

"கக்கூஸா? லயத்துக்குத்தான் வரணும். யாரு எறங்கி ஏறுறது? தண்ணி குடிக்காம போனா ஒண்ணும் வராது."

காலையிலிருந்து நாலரை வரை. ரெண்டு தடவ அம்மா கல்லடைப்புன்னு ஆஸ்பத்திரியில கெடந்தது இதனாலதானா? தண்ணி குடி, தண்ணி குடின்னு டாக்டர் கத்துனப்ப ஏம்மா வாயத் தொறக்கல? நான் ஏன் ஒரு தடவகூட கேக்கல?

பெப்ரவரி 11

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கரிடம் போனில் கேட்டேன்: "வெள்ளக்காரப் புள்ளைகளுக்கு ஒண்ணு கட்டிக் குடுக்கலாம்மா. அவுங்க போனதும் பூட்டிருவோம். இல்லாட்டி நாசமாக்கிருவாங்க."

யார் நாசமாக்குவார்கள்? எங்கம்மாவா? அப்படிக் கேட்டிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். கோழை.

பெப்ரவரி 14

"பக்கத்திலேயே உண்டு" என்று எழுதினால் வேலை முடிந்தது. மனம் கேட்கவில்லை. நடந்ததை அப்படியே ஹன்னா டீச்சருக்கு எழுதிவிட்டேன், அம்மாவின் கல்லடைப்பு உட்பட. அனுப்பிய பிறகுதான் அண்ணனிடம் சொன்னேன். தலையில் கைவைத்தார். "அவுங்க வரலைன்னா என்னா செய்யிறது ஷிராணி?" திட்டவில்லை. அதற்கே கும்பிட வேண்டும்.

பெப்ரவரி 17

பதில் இல்லை.

பெப்ரவரி 20

பதில் வந்துவிட்டது! தோட்டத்தை நடத்தும் துரைக்கும் ஒரு பிரதி. வேலை செய்கிறவர்களுக்குப் பூட்டி வைக்கும் மலசலகூடம் எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்கிறார் ஹன்னா டீச்சர். எல்லோருக்கும் எப்போதும் திறந்திருந்தால், வருடா வருடம் வருகிறோம் என்று எழுதியிருக்கிறார். முகம் தெரியாத மனுஷி. நன்றி என்று மட்டும் பதில் போட்டேன். அண்ணன் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.

மார்ச் 19

பிள்ளைகள் வந்து போனார்கள். ரயில் தாமதம், மழை, ஒருத்தியின் காலெல்லாம் அட்டை. மலையில் துரை கட்டிக்கொடுத்த புது மலசலகூடத்தின் கதவுக்கு முன்னால், அம்மாவோடு கொழுந்து எடுக்கும் பெண்களின் வரிசையில் அவர்களும் நின்றார்கள்.

ஏப்ரல் 2

கதவு இன்னும் பூட்டப்படவில்லை. காலையில் மலைக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னார்:

"டவுனுக்குத்தானே போற? தண்ணிப் போத்தல் ஒண்ணு வாங்கிட்டு வா. பெருசா."