எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை

இன்று காலை மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தொற்றுநோய் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமே, அதற்காகத்தான். சில்லென்றிருந்த பலகையில் தாடையை வைத்ததும், "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார்கள். மூச்சை இழுத்த அந்த நொடியில் நீ நினைவில் வந்துவிட்டாய். படத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் சற்று நேரம் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் நானும் காப்பி பறித்தவர்கள். நிழல் மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, அது வீறிட்டாலும் பறித்துக்கொண்டிருக்கும் செடி வரிசையை முடிக்காமல் நகர முடியாது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, எஸ்டேட்டுக்குப் போகும் மற்ற பெண்களின் குழந்தைகளை நாகலூரில் என் வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவள் நீதான். உரிமம் தர வந்த அதிகாரி அம்மா, எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, அடுப்படிக்குத் தடுப்புக் கதவு வேண்டும், தடுப்பூசி அட்டையின் நகல் இருக்க வேண்டும், சாயங்காலம் அழைத்துப் போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அடுக்கினார். "பெத்தவ வந்தாக்கூடக் கையெழுத்துப் போடோணுமா?" என்று அவர் போன பிறகு சிரித்தாய். ஆனால் மறுநாள் கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தவளும் நீதான்.

இரண்டாம் முறை புதுப்பிக்கும்போது உனக்கு இருமல் இருந்தது. பனிக்கு வந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்தது. சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டுத்தான் முடிவு வாங்கப் போயிருந்தோம். திரும்பும் பஸ்ஸில் நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. ஜன்னல் திறந்திருந்த கடைசி இருக்கைக்குப் போய், முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். இறங்கி நடக்கும்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "ஒடம்பு சரியில்லன்னு நீ நின்னுக்க. என்ன நோவுன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம். லைசென்ஸ் போயிரும், ஒருத்தரும் புள்ளைய உட மாட்டாங்க."

நீ நடையை நிறுத்தினாய். "எட்டும் எம்மடியிலதான புள்ள தூங்குச்சு? நாளைக்கு அதுல ஒண்ணு இருமுனா, பனிதான்னு நெனச்சு அவங்கம்மா கசாயம் வெச்சுக் குடுத்துட்டு இருப்பா. நான் சொல்லீருவேன்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து தாய்மார் வந்தபோது, மாஸ்க் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் நின்றாய். வந்த ஒவ்வொருத்தியிடமும் நீயே சொன்னாய். ஒன்றரை வயதுப் பையனின் தாய் செல்வி, பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இத்தன நாளும் தெரியாமயா வெச்சிருந்தீங்க?"

"தெரியாதுங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இன்னிக்கே சொல்றேனுங்க. நாளைக்கு எல்லாரும் டெஸ்டுக்குக் கூட்டீட்டுப் போகோணும்."

அதிகாரி அம்மாவுக்கு நான் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்களே சொன்னது நல்லதுங்க. முடிவு வர்ற வரைக்கும் மூடி வைங்க" என்றார். அந்த நாட்களில் பாய்களைச் சுருட்டி வைத்த முன்னறைக்குள் நான் போகவே இல்லை. நீ காலையிலும் மாலையிலும் வேலிக்கு அந்தப் பக்கம், உன் வீட்டு வாசலிலிருந்து "வந்துருச்சா?" என்று கேட்பாய். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் மதியம் நர்ஸ் போனில் கூப்பிட்டார். எட்டுப் பிள்ளைகளுக்கும் நோய் இல்லை. முன்னெச்சரிக்கையாக மாத்திரை மட்டும் கொடுத்தால் போதும். எனக்கும் ஒன்றுமில்லை. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து வேலியருகே நின்று கத்தினேன். நீ குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாய். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல புள்ள" என்று சிரித்தாய்.

மறுபடி திறந்தபோது முதல் நாள் இரண்டே பிள்ளைகள். மூன்றாம் வாரம் செல்வி வந்தாள். "அந்தக்கா மறைச்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனுங்க" என்றாள்.

ஒரு மாத்திரைகூட விடாமல் ஆறு மாதமும் சாப்பிட்டாய். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தந்ததை அதிகாரி அம்மா பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் முன்னறைக்குள் காலை வைத்தாய். அப்போதும் சுவரோரமாகவே உட்கார்ந்தாய். செல்வியின் பையன் ஓடி வந்து உன் முழங்காலைப் பிடித்தான். அவனைத் தொடாமல், வாசலில் நின்ற அவளைப் பார்த்தாய்.

"தூக்கிக்குங்க அக்கா" என்றாள் செல்வி.

அதன் பிறகு இரண்டு வருடம் அந்த மடி காலியாகவே இல்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து நீ எங்களை விட்டுப் போனபோது, பழைய நோயா என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "அது என்னிக்கோ நல்லாயிருச்சுங்க" என்று உரக்கச் சொன்னவள் செல்விதான்.

போன வாரம் ஒரு பெண் குழந்தை படியில் தடுக்கி விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. முன்பென்றால், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும் என்று காத்திருப்பேன். இப்போது பனிக்கட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே அவள் தாய்க்குப் போன் செய்தேன். விழுந்தது என் கவனக்குறைவால்தான் என்பதையும் சொன்னேன். நோட்டிலும் எழுதினேன். அவள் எஸ்டேட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள், பிள்ளையைச் சிரிக்க வைத்துப் பார்த்தாள். பிறகு அதை மறுபடி என் இடுப்பில் வைத்துவிட்டு, மீதி வேலைக்கு நடந்து போனாள்.