கம்பளிக்குள் வெந்த பருப்பு

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன்ல உங்க குரலக் கேட்டாலே அழுகைதான் வருது, பேச்சு வரல. அதான் எழுதறேன். நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க.

எம் பொண்ணு பாப்பா கண்ண மூடினதுல இருந்து கேன்டீன்ல இருநூறு பேருக்கு வடிச்சுக் கொட்டறேன், எனக்கு ஒரு வாய் இறங்கல. இந்த நேரத்துல, உங்க பக்கம் லாரி ஓட்டுற என் தம்பி பையன் வந்து, "அத்தே, மாப்பிள்ளைக்குக் கன்னமெல்லாம் உப்பிப்போச்சு, நல்லா சதை போட்டுட்டாரு"ங்கறான். கேட்டதுல இருந்து மனசு ஆறல. உங்களுக்கு மட்டும் எப்படி இறங்குது? கேக்கக்கூடாதுதான். கேட்டுட்டேன்.

மனசு பொறுக்காத,
அத்தை


ஜனவரி 20

அத்தைக்கு,

அவன் சொன்னது நிஜம்தான். பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்துடுச்சு. கோல்ட் ஸ்டோரேஜ்ல கூட வேலை பாக்கறவங்களும், "என்னடா, துக்கத்துல தேறிட்ட?"ன்னு கேட்டாங்க. காரணத்த உங்களுக்குச் சொல்றேன்.

காலைல பருப்பு ஒரு கொதி வந்ததும் அவ அடுப்ப அணைச்சிடுவா. பானைய நீங்க குடுத்தனுப்பின பழைய கம்பளில சுத்தி மூலைல வச்சிடுவா. சாயங்காலம் வந்து திறந்தா வெந்திருக்கும். கேஸ் பாதி மிச்சம். "நீ குளிர அடைச்சு வைக்கிற, நான் சூட்ட அடைச்சு வைக்கிறேன். யாரு பெரிய மெக்கானிக்?"ன்னு கேப்பா.

நான் இப்பவும் அப்படியே செய்யறேன். ஒரு ஆளுக்குப் போட்டுப் பாத்தேன். அளவு குறைஞ்சா சூடு நிக்காது, பருப்பு கல்லாட்டம் கிடந்துச்சு. ரெண்டு பேருக்குப் போட்டாதான் வேகுது. மீந்தத எடுத்து வைக்க ஃப்ரிட்ஜ் இல்ல. ஊர் சரக்கெல்லாம் குளிர வைக்கறவன் வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லன்னா சிரிப்பாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னு அவதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தா. சாப்பாட்டக் கொட்ட அவ விட்டதே இல்ல.

அதனால அவ பங்கையும் நானே சாப்பிடறேன். பசி எதுவும் இல்ல.

மாப்பிள்ளை


ஜனவரி 31

மாப்பிள்ளை,

என் நாக்குல நெருப்ப வைக்கணும். கடுதாசியப் பிரிச்சு கேன்டீன் பின்னால உக்காந்தவதான், உலை பொங்கி அடுப்பு அணைஞ்சது கூடத் தெரியல. மேனேஜர் வந்து கத்தினாரு. கத்தட்டும்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேரும் ஏன் இப்படி வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கிடந்தீங்க? கடை சாத்தற நேரத்துக்குப் போய் வாடின காயா வாங்கிட்டு வருவா. "அடி கஞ்சப் பிசினாறி, ஒரு நல்ல துணியாவது எடேன்டி"ம்பேன். சிரிச்சு மழுப்பிடுவா. அவளே போய்ச் சேந்தாச்சு. இனி யாருக்காக மிச்சம் பிடிக்கிறீங்க? நல்லதா எதாவது வாங்கித் தின்னுங்க, சாமி.

உங்கள நோகடிச்ச,
அத்தை


பிப்ரவரி 8

அத்தைக்கு,

உங்களுக்காகத்தான்.

போன தடவ எங்க வீட்டுக்கு வந்தப்ப மூணு மாடி ஏற முடியாம, பாதிப் படியிலயே முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்கல்ல? அன்னிக்கு அவ முடிவு பண்ணினா. கீழ் வீடா ஒண்ணு பாத்து, உங்கள அந்த கேன்டீன் வேலைய விடச் சொல்லி, எங்ககூட வச்சுக்கணும்னு. "முன்னாடியே சொன்னா அம்மா வேணாம்னு அழிச்சாட்டியம் பண்ணும், சாவியக் கைல குடுத்துட்டுதான் சொல்லணும்"னா.

அட்வான்ஸ் போன வாரம் சேந்துடுச்சு. அவ இல்லாதது பணத்துக்குத் தெரியுமா, அது பாட்டுக்குச் சேந்துச்சு. அவ பாத்து வச்ச வீடு இன்னும் காலியாதான் இருக்கு. படி கிடையாது. ஜன்னலோரம் உங்க கட்டில்னு அவ கைய விரிச்சு அளந்து காட்டின இடம் எனக்கு ஞாபகம் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் வீட்டுக்காரர் பொறுத்துக்கறேன்னாரு.

வாங்க அத்தை. ரெண்டு பேருக்குப் போட்டா பருப்பு நல்லா வேகும்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் வரல.

கோவிச்சுக்காதீங்க. மூட்டை கட்டினேன், பிரிச்சேன், திரும்பக் கட்டினேன். அவ எனக்காகப் பாத்த வீட்டுல, அவ வயித்தக் கட்டிச் சேத்த காசுல, அவ பங்குச் சோத்த நான் எப்படி உக்காந்து தின்பேன்? பெத்தவ நான். நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே செத்துப்போவோம்.

இதோட ஒரு சின்னப் பாத்திரம் அனுப்பியிருக்கேன். உங்க மாமா போனப்ப நான் வாங்கினது. ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும். எனக்கு இனி வேணாம், சாப்பாட்ட கேன்டீன்லயே முடிச்சுக்கறேன். மொதல்ல கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்னு சொல்ல மாட்டேன். கை மட்டும் பழகும்.

எங்க இருந்தாலும்,
உங்க அத்தை


மார்ச் 2

அத்தைக்கு,

பாத்திரம் வந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்.

இன்னிக்கு அதுல வச்சேன். சின்னதுங்கறதால சூடு நிக்கல, கம்பளில சுத்திப் பிரயோஜனம் இல்ல. அடுப்புலயே விட்டு வேக வச்சேன். கேஸ் எரியற சத்தத்தக் கேட்டுக்கிட்டு பக்கத்துலயே நின்னேன். ஒரு ஆளுக்குச் சரியா இருந்துச்சு. மிஞ்சல.

கம்பளிக்கு இங்க இனி வேலை இல்ல. பார்சல்ல அனுப்பியிருக்கேன். சாயங்காலம் கதவத் திறந்ததும் வீடு பூரா அடிக்கும் பாருங்க ஒரு பருப்பு வாசன, அது இப்ப அதுல மட்டும்தான் இருக்கு.

துவைச்சிடாதீங்க.

மாப்பிள்ளை