அந்த வியாழக்கிழமை மட்டும்

பாபநாசம் வட்டம்,
புரட்டாசி மாதக் கடைசி, 1972

அன்பு மகள் செவ்வந்திக்கு அப்பா வைரக்கண்ணு எழுதுவது. அந்தமானில் நீயும் மாப்பிள்ளை இளையபெருமாளும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். இங்கே யாவரும் நலம் என்று அடுத்த வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், இந்த முறை கை வரவில்லை. உன் கடிதம் கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெற்றவளே வரவில்லை என்றால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், கப்பல் ஏற அவ்வளவு பயமா என்று கேட்டிருந்தாய். நான் படிக்கப் படிக்க உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எதையும் எழுதிராதீங்க, வயித்துப் பிள்ளைக்காரி பயந்துருவா, கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா என்றாள். அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். ஒன்றும் தெரியாமல் நீ அவளைக் கோபித்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை தங்கம். சித்திரையில் ஆரம்பித்தது. விரல் கணுவெல்லாம் வீங்கிக்கொள்கிறது, முழங்கால் மடங்குவதில்லை, பொழுது சாய்ந்தால் காய்ச்சல், வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னமும் சிவந்து தடித்துப்போகிறது. சில நாள் பாயை விட்டு எழ மாட்டாள். பிறகு ஒரு காலையில் பார்த்தால் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள், நோய் வந்த சுவடே இருக்காது. அப்பாடா போய்விட்டது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளும் வாய் திறந்து சொல்ல மாட்டாள், டீத் தம்ளரை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாளானால் எனக்குத் தெரிந்துவிடும். உன் பிள்ளைக்கு என்று என் பழைய வேட்டியில் சட்டை தைக்க ஆரம்பித்தாள், ஒரு கை தைத்தவரைக்கும் குத்திய ஊசியோடு பெட்டியில் கிடக்கிறது. மந்திரித்தாயிற்று, கஷாயம் குடித்தாயிற்று, இன்ன நோய் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அவள் படுகிற வலி போதாதென்று ஊர்ப் பேச்சு வேறு. ஆவணியில் சம்பா நடவு. உன் அம்மாவுக்கு நாற்று முடியைப் பிரிக்க விரல் வரவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பெண்டுகள் ஒரு வார்த்தை பேசாமல் அவள் இடத்தையும் சேர்த்து நட்டுக்கொண்டே போனார்கள், வரிசையில் ஒரு பொட்டு இடைவெளி கிடையாது. நல்ல மனசு அவர்களுக்கு. பண்ணை ஏஜெண்டு பஞ்சநாதன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, உன் அம்மா பேரைச் சொல்லி, நட்டதெல்லாம் ஒழுங்காத்தான இருக்கு, அம்சத்துக்கு என்ன நோவு என்றார். குறுவை அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டு நாங்கள் வயலில் இறங்காமல் உட்கார்ந்ததும், ஸ்ட்ரைக்குன்னா அவளுக்குக் காய்ச்சல் வந்துரும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சரி, அவர் பண்ணையாள், அவரை விடு. நம் சங்கத்துச் செயலாளர் ரெத்தினம் என்ன சொன்னான் தெரியுமா, தாலுகா ஆபீசுக்கு ஊர்வலம்னா மட்டும் அக்காவுக்கு முட்டி வீங்குது என்றான். ஒரு பொம்பளையின் காய்ச்சல் கையில் ஆளுக்கொரு கட்சிக் கொடியைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அரிவாளைத் தூக்கியிருப்பேன், உன் அம்மா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு ஒரு நாள் அவனே வீட்டுக்கு வந்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயில் மட்டும் சிரிப்பு. ரெத்தினம் தலையைக் குனிந்துகொண்டு போனவன்தான், அதற்குப் பின் ஒரு வார்த்தை கேலி இல்லை. கூலிப் பேச்சுவார்த்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, முற்றிய கதிர் வயலில் சாய்ந்து கிடக்கிறது, ரோட்டில் போலீஸ் லாரி நிற்கிறது. மனைப்பட்டா மட்டும் வந்துவிட்டது, நாம் குடியிருக்கும் இடம் இனி நம்முடையது, உன் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டாக்டரிடம் காட்டவில்லையா என்று நீ கேட்பாய். காட்டினோம். அதில்தான் சிக்கல். நோய் இருக்கும் நாளில் அவளால் ரோடு வரைக்கும் நடக்க முடியாது, மாட்டு வண்டியில் ஏற்றினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறுகிறாள். தெளிந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. டாக்டரைப் பார்க்கப் போகிறாள் என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் தலைவாரிப் பூ வைத்து நல்ல சேலை கட்டி அனுப்பினாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போய் நின்றோம். கடைத்தெரு டாக்டர் கையை மடக்கச் சொன்னார், மடக்கினாள். உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். ஒண்ணும் இல்லம்மா, சத்து கம்மி, கீரை சாப்பிடுங்க, வலி இருக்குறப்ப வந்தாத்தான் பார்க்க முடியும் என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பூவை எடுத்துப் போட்டுவிட்டு, எனக்கே பொய்யோன்னு தோணுதுங்க என்றாள். அன்றைக்கு எனக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று செவ்வந்தி.

சந்தைக்குக் கருவாடு கொண்டுவரும் அதிராம்பட்டினத்து அல்லா பிச்சை பாய் கேள்விப்பட்டு வந்து விசாரித்தார். அவர் மச்சான் தஞ்சாவூரில் கம்பவுண்டர். மெட்ராசிலிருந்து மாதம் ஒரு வியாழக்கிழமை அங்கே வந்து இந்த மாதிரி நோயை மட்டும் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். மச்சானிடம் சொல்லி இடம் வாங்கித் தந்துவிட்டார். தீபாவளிக்கு முன்னால் வரும் வியாழன். அதை விட்டால் தை மாதம் வரை இடம் இல்லை, அதற்குள் உனக்குப் பிரசவமே ஆகிவிடும். அன்றைக்கு அவள் எப்படிக் கிடந்தாலும் ஆள் வைத்துக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி ரயிலில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு என்று ரெத்தினம் சொல்லியிருக்கிறான். ஆனால் பத்து நாளாக உன் அம்மா நன்றாக இருக்கிறாள். சோறு செல்கிறது, தூங்குகிறாள். வியாழனுக்குள் வீக்கம் திரும்பாவிட்டால் பெரிய டாக்டரும் கீரை சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புவார்.

போன வெள்ளிக்கிழமை பெண்டுகள் எல்லோரும் அவளுக்காக மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். திரும்பி வரும்போது வாய்க்கால் மதகில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள், அவளுங்க எல்லாம் எனக்கு நல்லாவணும்னு வேண்டிக்கிட்டாளுங்க, நான் மட்டும் அந்த வியாழக்கிழமை வீங்கின கையோட போகணும் தாயேன்னு கேட்டுட்டேங்க. மறுநாள் ஆற்றில் முழுகி எழுந்து கும்பிட்டபோது என் வாயிலும் அதுதான் வந்தது. கட்டின பெண்டாட்டிக்கு நோயைக் கொடு என்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ கனம் தூக்காதே, தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளை எடுக்கட்டும், வெட்கப்பட வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல். பசிக்கும் முன்பே சாப்பிடு. அம்மாவுக்குக் கோபமாக ஒரு வரியும் எழுதாதே, பிள்ளைக்குச் சட்டை வரும் என்று காத்திருப்பதாக மட்டும் எழுது. நீயும் பிள்ளையும் பிரசவத்தில் நல்லபடி பிழைத்துப் பெருவாழ்வு வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் நீ அங்குள்ள கோயிலுக்கு ஓடுவாய், எனக்குத் தெரியும். எல்லா நாளும் அம்மாவுக்காக வேண்டிக்கொள் தங்கம். அந்த வியாழக்கிழமை மட்டும் அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிடாதே.

உன் அப்பா,
அ. வைரக்கண்ணு