மணல்வளைவில் பதினெட்டு வண்டிகள்

தாராபின்
4 மார்ச் 2017

அன்புள்ள டல்சி,

இந்தக் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியாது. கடைசியாக நீ பார்த்தபோது நான் பென்சிலில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நான் கிளெனிஸ். சுகாதார ஆய்வாளர் பிரிட்டத்தின் மகள், மூன்றாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். பள்ளிக்கூட நூற்றாண்டு விழாப் பதிவேட்டில் உன்னுடைய டப்போ முகவரி கிடைத்தது. நலமாக இருக்கிறாயா? முட்டிவலி, ரத்த அழுத்தம் என்று நம் வயதுக்காரர்களுக்கு வருவதெல்லாம் உனக்கு வராமலிருக்கட்டும்.

ஊரைப் பற்றிச் சொல்ல நல்ல சேதி அதிகமில்லை. வங்கி மூடி ஆறு வருடம் ஆகிறது. ரொட்டிக்கடையும் போயிற்று. மதுக்கடை வியாழன் முதல் ஞாயிறு வரைதான். குளிர்காலம் தொடங்கினால் நெடுஞ்சாலையில் வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் கேரவன்களுக்கு மட்டும் குறைவில்லை. வேலை ஓய்வு பெற்ற கணவன் மனைவிகள் வெயிலைத் தேடி வடக்கே போகிறார்கள். நம் ஊர் வந்ததும் வேகத்தைக் குறைக்கிறார்கள், பலகை அப்படிச் சொல்வதால். பிறகு போய்விடுகிறார்கள்.

அவர்களை நிறுத்தத்தான் முன்னேற்றக் குழு ஒரு திட்டம் போட்டிருக்கிறது. நான் அதன் செயலாளர். ஆற்றோரம் மணல்வளைவில் கேரவன்கள் தங்க இடம்: பதினெட்டு வண்டிகள், மூன்று நாள் வரை இலவசம். ஆறு குழாய், கழிப்பறை, வண்டிக் கழிவைக் கொட்டத் தனி இடம், எல்லாம் உண்டு. நாய்களையும் கூட்டிவரலாம்.

அங்கே ஒரு வரலாற்றுப் பலகை வைக்கலாம் என்றார் தலைவர் கெவ் ஸ்டானார்ட். "அந்தக் காலத்துல அங்க குடியிருந்தவங்க யாராவது நாலு வரி எழுதிக் குடுத்தா நல்லாருக்கும், கிளென். வர்றவங்க போட்டோ எடுத்துப்பாங்க." எனக்கு உடனே உன் நினைவுதான் வந்தது. ஆற்றங்கரையில் நீங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்று நாலே வரி எழுதித் தருவாயா?

தம்பி ஆர்ச்சி எப்படி இருக்கிறான்?

அன்புடன் உன் பழைய தோழி,
கிளெனிஸ்


டப்போ
19 மார்ச் 2017

கிளெனிஸுக்கு,

உன் கடிதம் வந்தது. முட்டி வலிக்கத்தான் செய்கிறது. பேரன்பேத்திகள் ஒன்பது பேர். கணவர் போய் நாலு வருடம் ஆகிறது. ஆர்ச்சி என்னோடுதான் இருக்கிறான். அவனுக்கு அறுபது வயது, வலது கண்ணில் மட்டும் பார்வை.

நாலு வரிதானே கேட்டாய். இந்தா:

இங்கே எங்கள் பழங்குடிச் சனம் பதினோரு குடும்பம் தகர வீடு கட்டி வாழ்ந்தது.
ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டு ஒன்பது வருடம் நகர மன்றத்துக்கு எழுதினோம்.
ஆற்றங்கரையில் தங்குவது சட்டவிரோதம், நோய் பரவுகிறது என்று பதில் வந்தது.
1962 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் பாத்திரம் இருக்கும்போதே புல்டோசர் வந்தது.

கெவ்வுக்குப் பிடிக்கிறதா என்று கேட்டுச் சொல். ஆறு குழாய் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

சந்தோஷமாக இருந்தோமா? இருந்தோம். அது பொய்யில்லை. நீ எங்கள் வீட்டுக்கு வந்து, தகர டப்பாவில் தேநீர் குடித்து, சாம்பலில் சுட்ட ரொட்டியில் பாகு ஊற்றித் தின்றிருக்கிறாய். எங்கள் வாசலுக்குள் வந்த வெள்ளைக்காரப் பிள்ளை நீ ஒருத்திதான்.

ஆர்ச்சியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். புல்டோசருக்கு இரண்டு வாரம் முன்னால் உன் அப்பா வந்தார். பதினோரு வீட்டில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஆர்ச்சியை வெளியே வரச் சொல்லி, கண்ணைப் பிரித்துப் பார்த்தார். நாலாம் நாள் நலத்துறைக் கார் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவனுக்கு ஐந்து வயது. திரும்பி வரும்போது பதினெட்டு.

யாரோ சொல்லித்தான் உன் அப்பா வந்தார். ஐவி சித்திதான் சொல்லியிருக்க வேண்டும் என்று அம்மா நினைத்தாள். சித்தி உன் அம்மாவுக்குத் துணி துவைத்துக் கொடுத்தவள் இல்லையா. அன்றிலிருந்து கூடப்பிறந்தவளோடு அம்மா பேசவில்லை. எண்பத்தொன்பதில் அம்மாவை அடக்கம் செய்த அன்று சித்தி வந்தாள். வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

டல்சி


தாராபின்
22 ஏப்ரல் 2017

அன்புள்ள டல்சி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஈஸ்டருக்கு மகன் குடும்பம் வந்திருந்தது. அதன் பிறகு எனக்குச் சளி. பல்பொருள் கடை வாசலில் மூன்று நாள் ஸ்கோன் ரொட்டி விற்பனை. இப்படி ஏதோ ஒன்று.

உன் நாலு வரியைக் குழுவில் படித்தேன். பிறகு கெவ் சொன்னார்: "அம்மாடி! கேரவன்ல வர்றவங்க காலை நீட்டி உக்கார வர்றாங்க, கிளென். நம்மகிட்ட திட்டு வாங்கவா வர்றாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். "பறவை படம் போட்டுருவோம். பறவையைப் பத்தி யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க" என்றார் இன்னொருவர்.

நான் "பலகை பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதினேன். அது பொய். ஒத்திவைக்கவில்லை, தூக்கிப் போட்டார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

மழை இல்லை. ஆறு இளைத்துக் கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கிளெனிஸ்


தாராபின்
23 ஏப்ரல் 2017

டல்சி,

நேற்றுக் காலை அனுப்பிய கடிதத்தில் எழுத வேண்டியதை எழுதவில்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவளால் உட்கார முடியவில்லை.

ஐவி சித்தி சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாம் இரண்டு பேரும் ஆற்றில் குதித்து விளையாடினோம். ஆற்றில் இறங்கினால் பெல்ட் பேசும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது என் கண் இரண்டும் சிவந்திருந்தன. "எங்க போயிருந்த?" என்று கேட்டார். ஆறு என்று சொல்லப் பயம். "டல்சி வீட்டுக்கு. ஆர்ச்சிக்குக் கண்ணுல சீழ் வடியுது. அவன் துண்டுல முகம் துடைச்சேன்" என்றேன். நான் எந்தத் துண்டிலும் துடைக்கவில்லை. ஆர்ச்சியின் கண்ணைப் பற்றி வெளியே சொன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அன்று காலைதான் நீ என்னிடம் சொல்லியிருந்தாய். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினேன்.

அப்பா தட்டில் ஆட்டுக்கறியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அம்மா என் கண்ணை உப்புத் தண்ணீரால் கழுவினாள். அன்று எனக்கு அடி விழவில்லை.

எனக்கு ஒன்பது வயது. அதைச் சொல்லித்தான் இத்தனை காலம் என்னைச் சமாதானப்படுத்தி வந்தேன். ஒன்பது வயதுக்கு மன்னிப்பு உண்டு. அதற்கப்புறம் வந்த ஐம்பத்தைந்து வருடத்துக்கு என்ன சொல்வது?

இன்னொன்று. பதினாறு வயதில் நான் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் அம்மா, புல்டோசருக்குப் பிறகு நீங்கள் குடியிருந்த ரயில் பாதைக்கு அப்பாலிருந்து நடந்து வந்து, நலத்துறை விடுதியிலிருந்த ஆர்ச்சிக்குக் கடிதம் போடுவார்கள். எல்லாம் பிரிக்கப்படாமலே திரும்பி வரும். அவற்றை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தவள் நான். "நன்றிம்மா" என்பார்கள், ஒவ்வொரு தடவையும். ஒரு நாள், "உங்கப்பாகிட்ட யாரு சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்கு அஞ்சல்தலை கிழித்துக் கொடுத்தேன்.

அன்றே சொல்லியிருந்தால் அக்காவும் தங்கையும் பேசியிருப்பார்கள்.

மன்னித்துவிடு, டல்சி.

கிளெனிஸ்


டப்போ
2 ஜூன் 2017

கிளெனிஸுக்கு,

உன் கடிதத்தை ஒரு வாரம் சமையலறை இழுப்பறையில் வைத்திருந்தேன். பிறகு ஆர்ச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவனுடைய வாழ்க்கை அது, அவனுக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொள்ள முடியாது.

கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு அப்ப என்ன வயசு?" என்றான்.

"ஒன்பது."

"எனக்கு அஞ்சு" என்று சொல்லிவிட்டுத் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டான். ரொம்ப நேரம் விட்டுக்கொண்டே இருந்தான். பாத்தி நிரம்பி நடைபாதையில் ஓடியது. நான் போய்க் குழாயை மூடினேன்.

மன்னிக்கச் சொல்கிறாய். நான் யார் மன்னிக்க? போனது அவன் பதிமூன்று வருடம். எனக்குக் கோபம் வேறு ஒன்றில். அம்மா உன்னை நல்ல பிள்ளை என்பாள். "பிரிட்டம் மகள் நம்மளப் பாத்தா முகத்தைத் திருப்பிக்க மாட்டா" என்று பெருமையாகச் சொல்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அழுது எழுதி என்னிடம் இறக்கி வைத்துவிட்டாய். நான் இதைச் சுமக்க மாட்டேன். ஐவி சித்தியின் மகள் மொரீன் உங்கள் ஊருக்கு முப்பது மைல் தள்ளி, கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறாள். தன் அம்மா காட்டிக் கொடுத்தவள் என்ற பேச்சோடு வளர்ந்தவள். அவளுக்குக் கடிதம் எழுதாதே. நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்.

டல்சி


தாராபின்
30 ஜூலை 2017

அன்புள்ள டல்சி,

போனேன். முதல் தடவை கிடங்குவரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை கதவைத் தட்டினேன். கேக் கொண்டு போயிருந்தேன். அவளைப் பார்த்ததும் அதை எதற்குக் கொண்டு வந்தோம் என்று இருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். மொரீன் உள்ளே கூப்பிடவில்லை.

"எங்கம்மா தொண்ணூத்தெட்டுல செத்தாங்க" என்றாள். "சாகறதுக்கு மொத நாள்கூட 'நான் சொல்லல, மொரீன்'னுதான் சொன்னாங்க. நான் அவங்ககிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? 'பரவால்லம்மா, யார் சொன்னா என்ன இப்ப'ன்னேன். நானே நம்பல." பிறகு, "போய்ட்டு வாங்க. அந்தக் கேக்கையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. நான் வண்டிக்குப் போனேன்.

அதன் பிறகு ஊர்க் கூட்டத்தில் பேசினேன். மணல்வளைவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கக் கூட்டிய கூட்டம், நாற்பத்திமூன்று பேர் வந்திருந்தார்கள். உன் நாலு வரியைப் படித்தேன். நான் செய்ததையும் சொன்னேன், அப்பாவின் பெயரோடு. முன்வரிசையில் என் மகன் இருந்தான். அவன் தாத்தாவின் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறான். எழுந்து வெளியே போனான். கெவ், "கிளென், உக்காரு, போதும்" என்றார். நான் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வாக்கெடுப்பில் முப்பத்தொரு பேர் மணல்வளைவுக்குக் கை தூக்கினார்கள்.

ஆனால் கேரவன்கள் அங்கே வரப்போவதில்லை. வெள்ளம் வந்தால் பொறுப்பேற்க முடியாது என்று காப்பீட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். தங்குமிடம் கண்காட்சித் திடலுக்குப் போய்விட்டது. வெட்கப்பட்டு மாற்றினார்கள் என்று உனக்கு எழுத ஆசையாக இருந்தது. அது உண்மையில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். மகன் இன்னும் தொலைபேசியை எடுப்பதில்லை. தபால் நிலையத்தில் எனக்குப் பின் வேலைக்கு வந்த பெண் மட்டும் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனாள். அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதையெல்லாம் நீ பாராட்ட வேண்டும் என்று எழுதவில்லை. எழுதும்போது அந்த நினைப்பும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கும் வெட்கமாக இருக்கிறது.

கிளெனிஸ்


டப்போ
27 ஆகஸ்ட் 2017

கிளெனிஸ்,

மொரீன் எனக்குத் தொலைபேசியில் பேசினாள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு நின்று முப்பது வருடம் இருக்கும். முதலில் அவள்தான், "டல்சி அக்கா, நல்லா இருக்கியா?" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஐவி சித்தியின் கல்லறைக்கு நாங்கள் சேர்ந்து போகிறோம்.

அதற்காக வரும்போது மணல்வளைவில் இரண்டு நாள் தங்குகிறோம். மருமகன் தன் கேரவனைத் தருகிறான், மொரீன் பிள்ளைகள் இரண்டு வண்டியில் வருகிறார்கள். செப்டம்பர் 23, 24. யாரிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. யாராவது வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் நீ அங்கே வராதே. உதவி செய்கிறேன், ஸ்கோன் கொண்டு வருகிறேன் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே.

திங்கட்கிழமை 25ஆம் தேதி காலை கிளம்புகிறோம். போகும் வழியில் உன் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்கிறான் ஆர்ச்சி. உன்னிடம் தனியாகப் பேச வேண்டுமாம். என்ன பேசுவாய் என்று கேட்டேன். "அது எனக்கும் அவளுக்கும்" என்கிறான். ஒன்பது மணிக்கு வீட்டில் இரு.

நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்.

அவனுக்கு இடது பக்கம் தெரியாது. உன் வாசற்படியில் அவன் ஏறும்போது வலப்பக்கமாக நின்று கை கொடு.

டல்சி