மாடி ஏறாத பெயர்ப்பலகை

அன்புள்ள அண்ணா,

இங்கே அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர எல்லோரும் சுகம். சியோலில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை உன்சோல் எழுதுகிறேன். கன்னம் வீங்கியிருப்பதால் அவர் பாதிதான் சொல்கிறார், மீதியை நானே போட்டுக்கொள்கிறேன்.

அப்பா கிம்ச்சி ஊறுகாயை ஒரு பக்கமாகவே மெல்வதை முதலில் பார்த்தது நான்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை. சொந்தப் பல் மருத்துவமனை வேண்டாம், பல்கலைக்கழகத்திலேயே நிரந்தரமாகப் பாடம் நடத்துகிறேன், அப்பா சரி என்றால்தான் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று நீ எழுதியதிலிருந்து அவர் மெல்லுகிற சத்தம்கூடக் கோபமாக இருந்தது. கீழே நம் சவ்வு மிட்டாய்க் கடை, மாடியில் உன் மருத்துவமனை, "நாம கீழ பல்லை ஆட்டி விடுவோம், அவன் மேல புடுங்கட்டும்" என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்தவர் ஆயிற்றே. உன் பெயர் செதுக்கிய பலகையும் வந்துவிட்டது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் திறப்பு விழா அரிசிக் கேக்கையும் கடை கடையாகக் கொடுத்துவிட்டார். தின்றவர்கள் சும்மா இருப்பார்களா, வாழ்த்து ரிப்பன் கட்டிய பூந்தொட்டிகளாக அனுப்பிவிட்டார்கள், மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மீன்கடை அத்தை தினமும் வந்து, "ஏன்யா பியோ, உம்ம பையன் பல் டாக்டரா பூ வியாபாரியா?" என்கிறாள்.

பல்லை டாக்டரிடம் காட்டலாம் என்றால், "என் பையனைத் தவிர எவனும் இந்த வாயில கை வைக்கக் கூடாது" என்றார். வலியே இல்லை என்று அத்தைக்குக் காட்ட நம் மிட்டாயிலேயே பெரிய கட்டியாகக் கடித்தார். மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. திட்டவும் முடியவில்லை. அத்தை சிரித்துச் சிரித்து மீன்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவர் கையைப் பிடித்துப் பேருந்து நிலையத்துப் புது டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். அங்கே எனக்குப் "பல்லு, மிட்டாய், அப்பா" என்பதற்கு மேல் வரவில்லை. பெயரைக் கேட்டதும் அந்தம்மா எழுந்து குனிந்து வணங்கி, "பியோ சாங்-உக் சாரோட அப்பாவா? சியோல்ல படிக்கிறப்ப எங்களை முதல்ல நோயாளி நாற்காலியில உட்கார வச்சு, வாயைத் திறந்தபடியே பாடம் கேக்க வச்சாரே, வலி தெரிஞ்சுக்கணும்னு" என்றார். மிட்டாயைக் கரைத்துப் பல்லையும் எடுத்த பிறகு அப்பா, "எப்பம்மா புடுங்குவ?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைக் கூப்பிட்டு, "புடுங்கினது அந்தப் பொண்ணு இல்ல, என் மவன். சியோல்ல இருந்துகிட்டே நம்ம சூன்சோன்ல புடுங்குறான், உன் மவனால முடியுமா?" என்று வாயைத் திறந்து ஈறைக் காட்டினார்.

இனி அப்பா சொல்வது அப்படியே: ஆகவே கையெழுத்துப் போடு. உன் கை ஊர் ஊராகப் போகட்டும், நீ நன்றாக இருப்பாய். இதோடு மிட்டாய் வருகிறது, கையெழுத்துக்கு முன் ஒன்று தின்னு, வேலை ஒட்டிக்கொள்ளும். முன்பல்லால் மட்டும் கடிக்காதே.

ஒரு பல் குறைந்த உன் அப்பா,
பியோ கி-தெக்

அண்ணா, இது நான். பலகையை விறகாக்கிவிடு என்று அப்பா சொன்னார். நான் அதைக் கழுவி, மாவு தூவி, கொதிக்கிற மிட்டாய்ப் பாகை அதன்மேல் ஊற்றினேன். ஆறியதும் உன் பெயர் பதிந்திருந்த துண்டை வெட்டி இந்தப் பெட்டியில் முதலில் வைத்தேன்.